‘ஐ விஷ்’ என்று ஆரம்பித்தால் எங்கே தடுக்கிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

என்னிடம் ஆங்கிலம் படித்த ஒரு பெண் இப்போது வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறார். ஊரில் அவருடைய பாட்டி இறந்தபோது லீவு கிடைக்கவில்லை. அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து, கூட வேலை பார்க்கும் ஒரு அம்மாவிடம் மனசு தாங்காமல் சொல்லியிருக்கிறார்: “ஐ விஷ் ஐ குட் கோ டு ஹர் ஃப்யூனரல்.” அந்த அம்மா உடனே, “வென் இஸ் இட்? ஷேல் ஐ டேக் யுவர் ஷிஃப்ட்?” என்று கேட்டாராம். அடக்கம் என்றைக்கு, உன் டியூட்டியை நான் பார்க்கட்டுமா என்று. எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல இவருக்கு வாயே வரவில்லை. ராத்திரி எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ்: “மிஸ், நான் என்ன தப்பாச் சொன்னேன்?”

அவர் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழை கிடையாது. ‘போக முடிந்தால் நன்றாக இருக்கும்’ என்பதற்கு அது சரியான ஆங்கிலம். ஆனால் அவர் மனசில் இருந்தது ‘போக முடிந்திருந்தால்’. அதற்கு “ஐ விஷ் ஐ குட் ஹேவ் கான்” என்று வந்திருக்க வேண்டும். ஆசையையும் வருத்தத்தையும் சொல்லும்போது வரும் பிழைகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான். வாக்கியம் பார்க்க ஒழுங்காக இருக்கும், அர்த்தம் மட்டும் வேறு இடத்தில் போய் நிற்கும். அதனால்தான் விதிகளை வரிசையாக அடுக்காமல், கேட்பவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்ற அறிகுறியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டையும் எல்லோரும் படித்துவிடுங்கள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அறிகுறி 1: “ஐ விஷ் ஐ ஹேவ்”, “ஐ விஷ் ஐ நோ”, “ஐ விஷ் ஐ கேன்” என்றுதான் வாயில் வருகிறது

இங்கே கேட்பவருக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும், ஆனாலும் காதில் இடறும். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். பைக் இல்லாதது இன்றைக்கு, அதற்கு எதற்கு “ஹேட்” என்று இறந்தகாலம் போட வேண்டும் என்று மனசு ஒப்புவதில்லை. வகுப்பில் வருடா வருடம் இதே கேள்வி வரும்.

அப்போதெல்லாம் நான் கரும்பலகையில் இரண்டு சொல் எழுதுவேன்: வந்தான், வந்தால். அடுத்த வரியில் படித்தான், படித்தால். அப்புறம் சொன்னான், சொன்னால். கடைசி எழுத்து மட்டும்தான் மாறுகிறது. ‘நாளைக்கு அவன் வந்தால்’ என்று சொல்லும்போது வருவது நாளைக்கு, ஆனால் சொல்லின் வயிற்றில் இருப்பது ‘வந்தான்’ என்பதில் இருக்கும் அதே இறந்தகால ‘வந்த்’. நடக்காத ஒன்றை நினைத்துச் சொல்ல, தமிழ் தினமும் இறந்தகாலத்தைத்தான் கடன் வாங்குகிறது. ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது. ‘இருந்தால்’ என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் “ஹேட்” என்கிறார்கள், ‘தெரிந்தால்’ என்னும் இடத்தில் “நியூ”, ‘முடிந்தால்’ என்னும் இடத்தில் “குட்”. இதைப் பிடித்துக்கொண்டால் வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

“ஐ விஷ் ஐ ஹேட் எ பைக்.” என்னிடம் ஒரு பைக் இருந்தால் நன்றாக இருக்கும்.
“ஐ விஷ் ஐ நியூ ஹர் நம்பர்.” அவள் நம்பர் தெரிந்தால் தேவலை.
“ஐ விஷ் வி லிவ்ட் நியர் தி ஸ்கூல்.” ஸ்கூல் பக்கத்தில் வீடு இருந்தால் எவ்வளவு வசதி.

சரியா என்று பார்க்க ஒரு வால் சோதனை இருக்கிறது. வாக்கியத்தின் கடைசியில் “பட் ஐ டோன்ட்” என்று ஒட்டிப் பாருங்கள். “ஐ விஷ் ஐ நியூ ஹர் நம்பர், பட் ஐ டோன்ட்.” தெரிந்தால் நல்லது, ஆனால் தெரியாது. வால் ஒட்டினால் நீங்கள் நிற்பது இன்றைக்கு, அதற்கு வி டூ போதும், அதாவது ‘நோ, நியூ, நோன்’ வரிசையில் இரண்டாவதாக வரும் “நியூ” மாதிரி வடிவம்.

“வாஸ்”, “வேர்” குழப்பம் பெரிதல்ல. “ஐ விஷ் ஐ வேர்” என்பது எழுத்துக்கும் தேர்வுக்கும் உரியது, பேச்சில் “ஐ விஷ் ஐ வாஸ்” என்று சாதாரணமாகச் சொல்வார்கள். சுற்றுலா போன இடத்திலிருந்து ஊருக்கு அனுப்பும் தபால் அட்டைகளில் ஆங்கிலேயர்கள் வழக்கமாக எழுதும் வரி ஒன்று உண்டு: “விஷ் யூ வேர் ஹியர்.” நீயும் இங்கே இருந்தால் நன்றாக இருக்கும். அந்த நாலு சொல்லில் இந்தப் பாடம் முழுக்க இருக்கிறது.

அறிகுறி 2: முடிந்துபோனதைச் சொல்கிறேன், இன்னும் நடக்கப்போகிறது என்று நினைக்கிறார்கள்

நர்ஸுக்கு வந்த கோளாறு இதுதான். இதற்கும் மருந்து தமிழிலேயே இருக்கிறது. ‘இருந்தால்’ என்பதை இன்னொரு படி பின்னால் தள்ள வேண்டுமானால் ‘இருந்திருந்தால்’ என்கிறோம். ‘படித்தால்’ போய் ‘படித்திருந்தால்’ வருகிறது. அந்த நடுவில் நுழையும் ‘இருந்த்’ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் “ஹேட்” செய்கிறது, அதன் பின்னால் வி த்ரீ, அதாவது அந்த வரிசையில் மூன்றாவதாக வரும் “நோன்” மாதிரி வடிவம் வரும்.

“ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட் மேத்ஸ் சீரியஸ்லி.” கணக்கை ஒழுங்காகப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
“ஐ விஷ் ஐ ஹேட் சீன் ஹர் ஒன் லாஸ்ட் டைம்.” கடைசியாக ஒரு தடவை அவரைப் பார்த்திருக்கலாம்.
“ஐ விஷ் ஐ ஹேடின்ட் சோல்ட் தட் லேண்ட்.” அந்த நிலத்தை விற்காமல் இருந்திருக்கலாம்.

வால் சோதனையில் இங்கே “பட் ஐ டிடின்ட்” ஒட்டும். “ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட், பட் ஐ டிடின்ட்.” இல்லாமல் இருந்திருக்கலாம் என்ற வகைக்கு “பட் ஐ டிட்” ஒட்டும். விற்காமல் இருந்திருக்கலாம், ஆனால் விற்றுவிட்டேன்.

“ஐ விஷ் ஐ ஹேட் ஹேட் எ பைக் தட் டே” என்று வரும்போது நிறைய பேர் பயந்து ஒரு “ஹேட்”டை முழுங்கிவிடுவார்கள். முழுங்கினால் அது இன்றைய ஆசையாகிவிடும். நம்முடைய ‘இருந்திருந்தால்’ என்பதிலும் ‘இருந்த்’ இரண்டு முறை வருகிறதே, அதைச் சொல்ல நாம் தயங்குவதில்லை. அதே தைரியத்தோடு “ஹேட் ஹேட்” சொல்லலாம். முதல் “ஹேட்” லேசாக, இரண்டாவது அழுத்தமாக.

‘முடிந்திருந்தால்’ என்று வரும் இடத்துக்கு “குட் ஹேவ்” போட்டு வி த்ரீ. “ஐ விஷ் ஐ குட் ஹேவ் கம்.” வர முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நாளைக்கு ஒரு கல்யாணத்துக்கு வர முடியாது என்று நயமாகச் சொல்ல “ஐ விஷ் ஐ குட் கம்” போதும். கல்யாணம் முடிந்த பிறகும் அதையே சொன்னால்தான் குழப்பம்.

வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் 1 நிமிடம் யோசிக்கக் கொடுத்து, 1 முதல் 2 நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். பழைய சம்பவம் ஒன்றைச் சொல்லும் தலைப்பு வந்தால், கடைசியில் “ஐ விஷ் ஐ ஹேட்” என்று ஒரு வாக்கியம் இயல்பாக உட்கார இடம் இருக்கும். வீட்டில் பழகும்போதே அதைச் சொல்லிப் பழகுங்கள்.

அறிகுறி 3: “ஐ விஷ் ஐ வுட் ஹேவ் ஸ்டடீட்” என்று எழுதினேன், மார்க் போய்விட்டது

இது நன்றாகப் படிக்கிறவர்களுக்கு வரும் பிழை. தமிழில் முழு வாக்கியத்தைப் பாருங்கள்: ‘படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.’ இதில் இரண்டு பாதி. ‘இருந்திருக்கும்’ என்ற பின்பாதிக்குத்தான் “வுட் ஹேவ்” உரியது. ஆனால் “ஐ விஷ்” என்று தொடங்கியவுடனே அந்தப் பின்பாதி சொல்லியாகிவிட்டது. ‘நன்றாக இருந்திருக்கும்’ என்ற ஏக்கம் முழுவதும் “விஷ்” என்ற ஒரு சொல்லுக்குள் போய்விட்டது. மிச்சம் இருப்பது ‘படித்திருந்தால்’ மட்டும், அது “ஐ ஹேட் ஸ்டடீட்”.

அமெரிக்கர்கள் பேச்சில் “ஐ விஷ் ஐ வுட் ஹேவ்” சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், எழுத்தில் வேண்டாம். “குட் ஹேவ்” மட்டும் விதிவிலக்கு, அதன் காரணம் மேலேயே வந்துவிட்டது.

அறிகுறி 4: வாழ்த்தினேன், ஆனால் நம்பிக்கை இல்லாதவன் மாதிரி தொனிக்கிறது

“விஷ்” என்றால் வாழ்த்து என்று மொய்க் கவரில் பார்த்தே பழகியவர்கள் நாம். “வித் பெஸ்ட் விஷ்ஸஸ்” என்று எழுதி நூற்றி ஒரு ரூபாய் வைக்கிறோம். அதனால் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் “ஐ விஷ் யூ வில் கெட் வெல் சூன்” என்று எழுதிவிடுகிறோம். மேலே படித்ததைப் பார்த்து யாராவது இதைத் ‘திருத்தி’ “ஐ விஷ் யூ காட் வெல் சூன்” என்று ஆக்கினால் இன்னும் மோசம். நீங்கள் குணமாகப்போவதில்லை, ஆனால் குணமானால் நன்றாக இருக்கும் என்ற தொனி வந்துவிடும். நோயாளியிடம் சொல்லக் கூடாத வாக்கியம் அது.

வாழ்த்தும் “விஷ்” பின்னால் ஆளும் பொருளும் மட்டும் வரும், வினைச்சொல் வராது. “ஐ விஷ் யூ எ ஸ்பீடி ரெகவரி.” “விஷ் யூ எ ஹேப்பி மேரிட் லைஃப்.” வினைச்சொல் போட்டு முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டுமென்றால் “ஹோப்” போடுங்கள். “ஐ ஹோப் யூ கெட் வெல் சூன்.” “ஐ ஹோப் யூ கெட் தி விசா.” நடக்க வாய்ப்பு உள்ளதற்கு “ஹோப்”, கைக்கு எட்டாததற்கு “விஷ்”.

“ஐ விஷ் டு அப்ளை ஃபார் லீவ்” என்பது தனி ரகம். அது ‘விரும்புகிறேன்’ என்பதன் கோட்டு போட்ட வடிவம், கடிதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 5: பணிவாகத்தான் கேட்டேன், எதிராளி முகம் மாறிவிட்டது

“ஐ விஷ் யூ வுட் சென்ட் தி ரிப்போர்ட் பை ஃபைவ்.” ‘ஐந்து மணிக்குள் அனுப்பினால் நன்றாக இருக்கும்’ என்பது தமிழில் மென்மையான வேண்டுகோள். அதையே இப்படி ஆங்கிலத்தில் வைத்தால் ‘அனுப்பித் தொலைக்க மாட்டேங்கிறீர்களே’ என்று கேட்கும். “விஷ்” பின்னால் ஒருவரைப் போட்டு “வுட்” சேர்த்தால் அதில் சலிப்பு ஏறிவிடும். வேண்டுகோளுக்கு “குட் யூ ப்ளீஸ் சென்ட்” என்று கேளுங்கள்.

சலிப்பைத்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. ஆடி மாதம், நாளைக்குப் பரீட்சை, தெருமுனையில் குழாய் ஸ்பீக்கர் அலறுகிறது: “ஐ விஷ் தே வுட் டர்ன் இட் டவுன்.” வானம் கறுத்துக் கறுத்துப் போக்குக் காட்டுகிறது: “ஐ விஷ் இட் வுட் ரெயின்.”

நம்மைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் “ஐ விஷ் ஐ வுட்” என்று வராது, “ஐ விஷ் ஐ குட்” என்று சொல்ல வேண்டும். மாறாமல் அப்படியே இருக்கும் நிலைக்கும் “வுட்” ஒட்டாது. தம்பி இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்தால் என்பதற்கு “ஐ விஷ் ஹி வாஸ் டாலர்”.

அறிகுறி 6: மன்னிப்புக் கேட்டேன், சாக்குச் சொல்வதாக நினைத்துவிட்டார்கள்

எனக்குத் தெரிந்து நம்மவர்களுக்கு அதிகச் சேதம் செய்வது இது. “சாரி, ஐ மஸ்ட் ஹேவ் டோல்ட் யூ எர்லியர்” என்று ஒருவர் மேலதிகாரிக்கு எழுதியிருந்தார். ‘முன்னாடியே சொல்லியிருக்கணும்’ என்பது அவர் எண்ணம். மேலதிகாரிக்குக் கிடைத்த அர்த்தம், ‘முன்னாடியே உங்களிடம் சொல்லியிருப்பேனே’. மன்னிப்பு அப்படியே தலைகீழாகிவிட்டது.

வேர் தமிழில் இருக்கிறது. நம்முடைய ‘வந்திருக்கணும்’ இரண்டு வேலை பார்க்கிறது. வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு ‘அவன் வந்திருக்கணும்’ என்றால் ஊகம், அது “ஹி மஸ்ட் ஹேவ் கம்”. தங்கச்சி கல்யாணத்துக்கு வராத அண்ணனைப் பற்றி ‘அவன் வந்திருக்கணும்’ என்றால் குறை, அது “ஹி ஷுட் ஹேவ் கம்”. ‘வந்திருக்கலாம்’ கதையும் இதேதான். ஊகம் என்றால் “மே ஹேவ் கம்”, மனத்தாங்கல் என்றால் “குட் ஹேவ் கம்”. தமிழில் குரலும் கடைசியில் இழுக்கும் ஓர் ‘ஏ’யும் வித்தியாசத்தைக் காட்டிவிடும். ‘சொல்லியிருக்கலாமே’ என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆங்கிலத்தில் அந்த ‘ஏ’ கிடையாது, சொல்லையே மாற்ற வேண்டும்.

அதனால் எழுதும் முன் ஒரு கேள்வி: நடந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியுமா? தெரியாமல் ஊகித்தால் “மஸ்ட் ஹேவ்” அல்லது “மே ஹேவ்”. நடக்கவில்லை என்று தெரிந்து வருந்தினால் “ஷுட் ஹேவ்” அல்லது “குட் ஹேவ்”. பிறரிடம் “யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ” என்பது நேரடியான குற்றச்சாட்டு. “யூ குட் ஹேவ் டோல்ட் மீ” என்பதில் ‘சொல்லியிருக்கலாமே’ என்ற உரிமை கலந்த வருத்தம் இருக்கிறது.

‘சொல்லியிருக்கக் கூடாது’ என்பது நேராக “ஐ ஷுடின்ட் ஹேவ் செட் தட்”, அங்கே குழப்பம் கிடையாது. அப்புறம், பழப் பையோடு வீட்டுக்கு வருகிறவரிடம் ‘எதுக்குங்க இதெல்லாம்’ என்போமே, ஆங்கிலத்தில் அதற்கும் “யூ ஷுடின்ட் ஹேவ்!” என்பதுதான் வழக்கு. யாராவது உங்களிடம் சொன்னால் பதறாதீர்கள்.

வேகமாகப் பேசும்போது “ஷுட் ஹேவ்” என்பது ‘ஷுடவ்’ என்று சுருங்கும். அதைக் கேட்டு, எழுதும்போது ஓ, எஃப் போட்டுவிடக் கூடாது.

அறிகுறி 7: “ஐ ரிக்ரெட் டு ஜாயின்” என்றேன், புரியவில்லை என்கிறார்கள்

“ரிக்ரெட் டு” என்று வந்தால் கெட்ட சேதி இனிமேல்தான் வரப்போகிறது என்று பொருள். வேலை கிடைக்கவில்லை என்று வரும் கடிதத்தில் “வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ” என்று இருக்கும். இன்ஃபார்ம், டெல், சே, அனவுன்ஸ் போன்ற அறிவிக்கும் சொற்கள்தான் அதன் பின்னால் வரும். செய்து முடித்ததை எண்ணி வருந்துவதற்கு ‘இங்’ சேர்க்க வேண்டும். “ஐ ரிக்ரெட் ஜாயினிங்.” செய்யாமல் விட்டதற்கு “ஐ ரிக்ரெட் நாட் காலிங் ஹர்”.

ரயில் தாமதமாகும்போது ஸ்டேஷனில் ‘சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்ற அறிவிப்பின் ஆங்கிலப் பாதியில் “டீப்லி ரிக்ரெட்டட்” என்று வரும். வருந்துவது ரயில்வே. வாடிக்கையாளருக்கு “ப்ளீஸ் ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்” என்று எழுதினால் வருந்த வேண்டியவர் அவர் என்று ஆகிவிடும். “வி ரிக்ரெட்” என்று எழுதுங்கள்.

அறிகுறி 8: “ஐ விஷ்ட்” என்று வந்தால் பின்னால் என்ன போடுவது?

ஒன்றையும் மாற்ற வேண்டாம். அன்றைக்கு மழையில் நின்றபோது குடை இருந்தால் தேவலை என்று நினைத்தேன்: “ஐ விஷ்ட் ஐ ஹேட் அன் அம்ப்ரெல்லா.” தமிழிலும் ‘இருந்தால்’ அப்படியேதான் நிற்கிறது.

அறிகுறி 9: அவர்கள் பேசும்போது அந்த “ஹேட்” என் காதிலேயே விழவில்லை

விழாது. “ஐ விஷ் ஐ ஹேட் நோன்” என்பது பேச்சில் ‘ஐ விஷைட் நோன்’ என்று ஒட்டிக்கொண்டு வரும். “ஹேட்” தேய்ந்து ஒரு ‘ட்’ ஆகிவிடும். சிக்கல் என்னவென்றால் “வுட்” தேய்ந்தாலும் அதே ‘ட்’தான். அதனால் அந்த ஒலியைத் துரத்தாமல் அடுத்த சொல்லைப் பிடியுங்கள். ‘நோன்’, ‘கான்’, ‘சீன்’ என்று வி த்ரீ கேட்டால் ஒளிந்திருப்பது “ஹேட்”, பேச்சு முடிந்துபோனதைப் பற்றி. ‘கோ’, ‘கால்’, ‘ஸ்டாப்’ என்று வெறும் வினை கேட்டால் “வுட்”, பேச்சு இன்றைய சலிப்பைப் பற்றி.

சில வினைகளுக்கு இரண்டு வடிவமும் ஒன்றேதான்: கம், புட், கட், லெட். அங்கே காது மட்டும் போதாது. “ஐ விஷ் ஹீட் கம்” என்று ஒருவர் சொன்னால், ‘வர மாட்டேங்கிறானே’ என்றும் இருக்கலாம், ‘வந்திருக்கலாமே’ என்றும் இருக்கலாம். சொன்னவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, பழைய போட்டோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் ஷிஃப்ட் மாற்றித் தர முன்வந்த அந்த அம்மா மாதிரி, தயங்காமல் “வென்?” என்று கேட்டுவிடுங்கள்.